கோரமான படங்கள் உள்ள புத்தகத்தை ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாமா?

நீங்கள் எழுதியதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி விடுமுறைக்கு வந்தபோது உங்கள் ஐந்து வயது மகளுக்கு ஒரு படப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார். கதை எளியது: ஒரு சிறுமி வீட்டுக்குள் தொலைந்துபோன தன் செருப்பைத் தேடுகிறாள். படங்கள்தான் உங்களை உறுத்துகின்றன. சிறுமிக்கு மீன் தலை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வாய். அம்மா வருகிறாள், ஆனால் அவள் முகம் எந்தப் பக்கத்திலும் தெரிவதில்லை. நிறமெல்லாம் சாம்பலும் கரும்பச்சையும். உங்கள் மாமியார் அதைப் பரணில் போட்டுவிடச் சொல்கிறார். மகளோ இரவானால் அதையே எடுத்துக்கொண்டு வருகிறாள். சில பக்கங்களில் கண்ணைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறாள். இத்தகைய படங்கள் பிள்ளையின் மனத்தைக் கெடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: பிள்ளை பயந்துகொண்டே ஒன்றை விரும்பினால் பெற்றவர்கள் குறுக்கே போக வேண்டுமா, வேண்டாமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். குழந்தை உளவியலில் பட்டம் பெற்றவனும் அல்லன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் படப் புத்தகம் வாசித்து வருகிறேன். படம் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு பக்கத்தைத் திருப்பும்போது பிள்ளைகளின் முகம் என்ன ஆகிறது என்பதைப் பல நூறு முறை பார்த்திருக்கிறேன். உளவியல் ஆய்வுகளைப் பொறுத்தவரை நான் வாசகன் மட்டுமே. எதை எந்தத் தகுதியில் சொல்கிறேன் என்பதை அவ்வப்போது குறிப்பிட்டுவிடுகிறேன்.

முதலில் நம் ஊரைப் பற்றி. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் கோரமான உருவத்தைப் பார்க்காமல் வளர்ந்ததில்லை. சுடலை மாடன் கொடை விழாவில் நள்ளிரவில் மகுடம் என்னும் தோல்கருவியை அடிக்க, பந்தம் பிடித்துச் சாமி மயானத்துக்கு வேட்டைக்குக் கிளம்புவதைக் கோயில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சில ஊர்களில் சுடுமண் சிலையாக நிற்கும் இசக்கியம்மன் ஒரு பிள்ளையைக் கையில் ஏந்தியிருப்பாள், இன்னொன்றை வாயில் கவ்வியிருப்பாள். அந்தச் சிலையின் முன்னால்தான் தொட்டில் கட்டிப் பிள்ளை வரம் கேட்கிறோம். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டுக் காளி வேடம் கட்டியவர்கள், நீண்ட நாக்கும் சடையும் பல கைகளுமாக, மேளத்தோடு நம் தெருவுக்கே வந்து தர்மம் கேட்கிறார்கள். கோயில் தூணில் சிங்க உடலும் துதிக்கையுமாக எழும்பி நிற்கும் யாளியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்க்காத பிள்ளை உண்டா? உங்கள் மாமியாரின் வயதை நான் ஊகிப்பது சரியென்றால், அவரும் அம்புலிமாமா படித்து வளர்ந்தவராகவே இருப்பார். 1947இல் தொடங்கிய அந்த இதழில் சங்கர் என்ற ஓவியர் வரைந்த விக்கிரமாதித்தன் படம், தோளில் பிணத்தைச் சுமந்து கையில் வாளோடு சுடுகாட்டு வழியே நடக்கும் ராஜா, மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் நினைவில் இருக்கிறது. அது பிள்ளைகளுக்கான இதழ் அன்று என்று யாரும் சொன்னதில்லை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த உருவங்களைப் பிள்ளை எங்கிருந்து பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். தாத்தாவின் தோளிலிருந்து, ஆச்சியின் மடியிலிருந்து, அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து. காளி வேடக்காரர் பக்கத்தில் வந்ததும் முகத்தை அப்பாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, அவர் இரண்டு வீடு தள்ளிப் போனதும் "இன்னொரு தடவ பாக்கணும்" என்று கேட்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விரல் இடுக்கு வழியாகப் பார்க்கும் உங்கள் மகள் செய்வதும் அதுதான். பார்ப்பதா வேண்டாமா, எவ்வளவு பார்ப்பது என்பதை அவள் கை தீர்மானிக்கிறது. இந்த ஏற்பாடு இருக்கும்வரை படத்தின் விசித்திரம் பிள்ளைக்குக் கேடு செய்வதை நான் கண்டதில்லை. இது குலைந்த இடங்களில்தான் கேட்டைக் கண்டிருக்கிறேன்.

இனி, ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை. சிறு பிள்ளைகளுக்குத் தோற்றமே உண்மை. 1969இல் வெளியான ஓர் ஆய்வில், ரீட்டா டிவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் மேனார்ட் என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளிடம் தடவிப் பார்க்கக் கொடுத்தார். பிறகு அதன் தலையை மட்டும் மறைத்து, வால் பக்கம் பிள்ளைகளின் கண்ணில் படும்படியே, கடுகடுப்பான நாயின் முகமூடியை மாட்டிக் காட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகவே மாறிவிட்டதாக எண்ணினார்கள், சிலர் விலகிப் போனார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அது பூனைதான் என்று உறுதியாக நின்றார்கள். 1985இல் சிந்தியா ஹாஃப்னர், ஜோஆன் கேன்டர் ஆகிய இருவரும் ஒரு கிழவியின் கதையைப் படமாக்கி, சில பிள்ளைகளுக்கு அவளை அழகாகவும் சிலருக்கு அவலட்சணமாகவும், சிலருக்கு அன்பானவளாகவும் சிலருக்குக் கொடியவளாகவும் காட்டினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்கள் தோற்றத்தை வைத்தே அவளை எடை போட்டார்கள். வயது கூடக்கூட அவள் செய்த செயலை வைத்து முடிவு செய்தார்கள். ஆகவே ஐந்து வயதில் இருக்கும் உங்கள் மகள் ஒரு நிலைப்படியில் நிற்கிறாள். மீன் தலை என்பது வரைந்த ஒன்று என்பதைப் பாதி அறிவாள், பாதி மறப்பாள். அறிந்திருப்பதும் எப்போதும் உதவுவதில்லை. 1991இல் பால் ஹாரிஸும் உடன் ஆய்வு செய்தவர்களும், காலிப் பெட்டி என்று பிள்ளைகளே பார்த்து உறுதி செய்துகொண்ட ஒரு பெட்டிக்குள் பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அது கற்பனை என்று தெளிவாகச் சொன்ன பிள்ளைகளிலேயே சிலர், பிற்பாடு உள்ளே ஏதேனும் இருக்குமோ என்று ஐயப்பட்டார்கள். அதனால்தான் "படம்தானே, இதுக்குப் போய் பயப்படலாமா" என்ற நம் வழக்கமான ஆறுதல் ஐந்து வயதில் அவ்வளவாக எடுபடுவதில்லை. இவை அனைத்தும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தவை. காளி வேடத்தை ஆண்டுதோறும் பார்க்கும் பிள்ளையிடமும் இதே அளவில் இதே வயதில் நிகழும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் முன்னறையில் பார்ப்பது பெரும்பாலும் இவற்றோடு ஒத்தே போகிறது.

ஒத்துப்போகாத ஓரிடம் உண்டு, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை எந்தப் படத்துக்குப் பயப்படும் என்று பெரியவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் பிசகிவிடுகிறது. ஒரு மழைக்காலச் சனிக்கிழமையில், வாயெல்லாம் பல்லாக ஒரு ராட்சசன் வரும் புத்தகத்தை மிகத் தயங்கித்தான் எடுத்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சார், எங்க ஆச்சிக்கும் இப்படித்தான் ஒத்தப் பல்லு நீட்டிக்கிட்டிருக்கும்" என்றான் ஒருவன். அடுத்து, பிள்ளைகள் சற்று அமைதியாகட்டும் என்று, இளநீல நிறத்தில் பூனைக்குட்டிகள் வரும் ஒரு புத்தகத்தை எடுத்தேன். நாலாம் பக்கத்தில் காலியான ஒரு கூடை மட்டும் இருந்தது. தாய்ப்பூனை வெளியே போயிருக்கிறது என்பது அடுத்த பக்கத்தில்தான் வரும். நாலரை வயதுப் பெண் ஒருத்தி அந்தக் கூடையைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு ஓடினாள். அவள் அம்மா அந்த மாதம் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பல்லும் நகமும் செய்யாததை ஒரு காலிக் கூடை செய்தது. ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அது பெரிய பாடமாக அமைந்தது. அன்றிலிருந்து புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எது கோரமாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, யார் யாரை விட்டுப் பிரிகிறார்கள், பிரிந்தவர் எத்தனை பக்கம் கழித்துத் திரும்புகிறார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டு வரைந்தவர் அமெரிக்க ஓவியர் மாரிஸ் சென்டாக். அவருடைய 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வந்தது; அமெரிக்காவில் படப் புத்தகங்களுக்குத் தரப்படும் கால்டெகாட் பதக்கம் மறு ஆண்டு அதற்குக் கிடைத்தது. சேட்டை செய்த மேக்ஸ் என்ற சிறுவனை அம்மா இரவுச் சாப்பாடு தராமல் அறைக்கு அனுப்புகிறாள்; அறை காடாகிறது; படகேறிப் போய்க் கொடிய விலங்குகளுக்கு ராஜா ஆகிறான்; அலுத்துப்போய்த் திரும்புகிறான். கதை இவ்வளவுதான். படங்களின் அளவைப் பாருங்கள். முதல் படம் பக்கத்தின் நடுவே சிறியதாக, சுற்றிலும் வெள்ளை ஓரத்தோடு அடங்கி இருக்கிறது. பக்கம் திருப்பத் திருப்பப் படம் வளர்ந்து ஓரத்தைத் தின்றுகொண்டே போகிறது. விலங்குகளோடு ஆடும் இடத்தில் மூன்று முறை, இரண்டு பக்கமும் நிறைய, ஒரு சொல்கூட இல்லாமல் படம் மட்டும். அதன்பின் சொற்கள் திரும்பி வருகின்றன, படம் சுருங்குகிறது. மேக்ஸ் அறைக்கு வந்து பார்த்தால் சாப்பாடு காத்திருக்கிறது. அது இன்னும் சூடாக இருந்தது என்ற வரி மட்டும் கடைசிப் பக்கத்தில், படமே இல்லாமல். கொம்பும் நகமும் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகலாம், திரும்பி வர வழியும் சூடான சோறும் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் பக்க அமைப்பாலேயே சொல்லிவிடுகிறார். அந்த விலங்குகளின் மூலம் எது என்று சென்டாக் சொன்னதும் நமக்கு நெருக்கமானது. புரூக்ளினில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்து, கன்னத்தைக் கிள்ளி, உன்னைத் தின்றுவிடுவேன் என்று கொஞ்சிய சித்தி, பெரியம்மா, மாமாக்களின் பெரிய மூக்கும் பல்லுமே அவர் மனத்தில் இருந்தனவாம். "கடிச்சுத் தின்னுரலாம் போல இருக்கு" என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்கிறோம். அன்புக்குள் இருக்கும் அந்தச் சிறு மிரட்சியைப் பிள்ளை அறிந்தே இருக்கிறது. புத்தகம் வந்த சில ஆண்டுகளில், 1969இல், புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் ஒரு பெண்கள் இதழில் இதைக் கண்டித்து எழுதினார். தாய் சோறு மறுப்பது பிள்ளைக்குப் பெரும் அச்சம் தரும் என்பது அவர் வாதம். புத்தகத்தைப் படிக்காமல், தாய்மார்கள் விவரித்ததைக் கேட்டு எழுதியது அது. அவரே 1976இல் எழுதிய நூலில், பழைய தேவதைக் கதைகளின் கொடூரங்கள் பிள்ளைகளுக்குத் தேவையானவை என்று விரிவாக வாதிட்டார். அவருடைய முதல் கருத்து தவறு என்பது என் எண்ணம். ஆயினும் அச்சம் விலங்குகளிடம் இல்லை, தாயிடம் இருக்கிறது என்று அவர் கைகாட்டிய இடம் சரியானதே.

எல்லாக் கோரப் படங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் தம் மூன்று வயது மகனுக்கு 1844 கிறிஸ்துமஸ் பரிசாகத் தாமே வரைந்து எழுதிய 'ஷ்ட்ருவெல்பீட்டர்' என்ற படப் புத்தகம் மறு ஆண்டு அச்சாகி உலகமெங்கும் போனது. அதில் ஒரு சிறுவன் விரல் சூப்புகிறான்; அம்மா வெளியே போனதும் பெரிய கத்தரிக்கோலோடு ஒரு தையற்காரன் பாய்ந்து வந்து இரண்டு கட்டைவிரலையும் வெட்டிவிடுகிறான். கடைசிப் படத்தில் சிறுவன் விரலில்லாத கைகளோடு நிற்கிறான். ஓவியமாக அதற்கு ஒரு வேகம் இருக்கிறது, வரலாற்றில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் அதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் வாசிக்க மாட்டேன். காரணம் ரத்தம் அன்று. அந்தப் படம் பிள்ளையின் சொந்த விரலைக் குறிவைக்கிறது. நீ இதைச் செய்தால் உனக்கு இது நடக்கும் என்கிறது. அம்மா இல்லாத வேளையில் நடக்கிறது, திரும்பி வர வழி இல்லை. நம் வீடுகளில் "சாப்பிடலன்னா பூச்சாண்டி வருவான்", "மூணு கண்ணன்கிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று சொல்வது இதே வகை. அதை அன்போடு சொல்லும் பெரியவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். என்றாலும், என் அனுபவத்தில் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தவை விசித்திரப் படங்களைவிட இந்த மிரட்டல்களே. உங்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது ஒன்று: அந்தப் புத்தகத்தின் வாய்க்கதவை வைத்து ஒருநாளும் மகளை மிரட்டிவிடாதீர்கள். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அந்த வாய் புத்தகத்தைவிட்டு வெளியே வந்து உங்கள் வீட்டுச் சுவரில் குடியேறிவிடும்.

படம் விசித்திரமாக இருப்பதற்கு நல்ல காரணம் இருக்க முடியும் என்பதற்கு ஒரு புத்தகத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006இல் வெளியிட்ட 'த அரைவல்' சொற்களே இல்லாத நூல். பழைய புகைப்படம்போல் பழுப்பேறிய பென்சில் ஓவியங்கள். ஒரு மனிதர் குடும்பப் படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறார். மனைவியும் மகளும் ரயிலடிவரை கூட வருகிறார்கள். அவர்கள் நடக்கும் தெருவின் சுவர்களில், முள் முளைத்த ஒரு பெரிய வாலின் நிழல் நெளிந்து போகிறது. அந்த வால் எதனுடையது என்று புத்தகம் சொல்வதில்லை. அவர் போய்ச் சேரும் நாட்டில் எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாதவை, பழங்கள் பார்த்தறியாதவை, வீட்டு விலங்குகள் பெயரிட முடியாதவை. அவருக்குப் புரியாதது நமக்கும் புரிவதில்லை. அதற்காகவே அப்படி வரைந்திருக்கிறார். கடையம் பக்கத்திலிருந்து வரும் ஏழு வயதுப் பெண் ஒருத்தியிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் அப்பா சவூதியில் இருக்கிறார். அவள் பிறந்தபின் இரண்டு முறைதான் வந்து போயிருக்கிறார். வால் நிழல் வரும் பக்கத்தில் விரலை வைத்து அதன் நெளிவு வழியாகவே இழுத்துக்கொண்டு போனாள்; பக்கத்து ஓரத்தில் நிறுத்தினாள். "இந்த வாலு இவங்க அப்பாவப் பிடிக்க வரல சார். வீட்லதான் கெடக்கு. அவரு போனதுக்கப்புறமும் இவங்ககூடயே கெடக்கும்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தின் கடைசியில் மகளும் தாயும் அந்த நாட்டுக்கே போய்ச் சேர்வதைப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பி, அந்தக் குடும்பப் படத்தை மீண்டும் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு, சிரித்த முகமும் ரோஜாக் கன்னமுமாக ஒரு புத்தகம் கொடுத்து அப்பா வெளிநாடு போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தால், அதில் அவள் தன்னை எங்கே கண்டிருப்பாள்? வீட்டில் கிடக்கும் ஒன்றுக்கு உருவம் வேண்டியிருந்தது. அந்த வால் அதைத் தந்தது. இப்படிப்பட்ட வேளைகளில்தான் விசித்திரமான படம் பிள்ளைக்குத் துணையாகிறது என்று நான் நம்புகிறேன்.

இதே காரணத்துக்காக, வீட்டில் ஒரு சாவு விழுந்த பிள்ளைகளோடு ஜெர்மானிய ஓவியர் வோல்ஃப் எர்ல்புருக்கின் 2007ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் கட்டம் போட்ட நீளச் சட்டை அணிந்து, மண்டையோட்டு முகத்தோடு வரும் சாவு ஒரு வாத்தோடு குளத்தங்கரையில் உட்கார்ந்து பேசுகிறது. பெரியவர்கள் அட்டையைப் பார்த்தே அதிர்ந்துபோவார்கள். பிள்ளைகள் அந்தச் சட்டை யார் தைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதைப் பெற்றோரிடம் முன்கூட்டிக் கேட்காமல் நான் எடுப்பதில்லை, நீங்களும் இப்போது தேடிப் போக வேண்டியதில்லை.

உறுதியில்லாதவற்றுக்கு வருகிறேன். இத்தகைய புத்தகங்கள் பிள்ளைக்குத் தைரியம் ஊட்டும், கற்பனையை வளர்க்கும் என்று அட்டைகளிலும் விளம்பரங்களிலும் எழுதுகிறார்கள். அச்சத்தைப் பாதுகாப்பான இடத்திலிருந்து பழகிப் பார்ப்பது நல்லது என்ற கருத்து எனக்கும் உவப்பானதே. ஆயினும் ஒரு படப் புத்தகம் ஒரு பிள்ளையைத் தைரியசாலி ஆக்கியது என்று நான் காட்ட முடியாது. மறுபக்கத்தில், ஒரு விசித்திரப் படம் பிள்ளையின் மனத்தை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்று சொல்பவர்களும் அதை நிறுவிவிடவில்லை. சினிமாவும் தொலைக்காட்சியும் தரும் அச்சம் சிலருக்கு நெடுநாள் நீடிப்பதைக் கேன்டர் முதலியோர் எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே புத்தகத்துக்குப் பொருத்துவது சரியாகாது. திரையில் வரும் உருவம் தன் வேகத்தில் வருகிறது, சத்தத்தோடு வருகிறது, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே வந்துவிடுகிறது. புத்தகத்தில் பக்கம் பிள்ளை திருப்பினால்தான் திரும்பும். உங்கள் மகள் ஒரே வாரத்தில் கைபேசியில் என்னென்ன பார்க்கிறாள் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பிறகு இந்தப் புத்தகத்தின் மேல் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கான படம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற நம் எண்ணமும் ஒரு பழக்கமே. பெரிய கண், உருண்டைக் கன்னம், எப்போதும் சிரிப்பு, எப்போதும் நண்பகல் வெளிச்சம் என்பது கடைகளில் கிடைப்பவற்றால் நம் கண்ணுக்குப் பழகிய வடிவம். சென்னை தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட ஒரு நூலில் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு ஓவியர்கள் கறுப்புத் தாளில் மரங்களை வரைந்திருக்கிறார்கள். மரமும் பாம்பும் மானும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. என் மாணவர்களிடம் ஒருமுறை "இருட்டை வரைந்து காட்டுங்கள்" என்று சொன்னபோது எட்டு வயதுப் பையன் ஒருவன் தாள் முழுவதையும் வெள்ளையாகவே விட்டு, கீழ் மூலையில் தன் வீட்டுக் கிணற்றின் மூடியை மட்டும் வரைந்து கொடுத்தான். அந்தக் கிணற்று மூடி எந்தக் கோரப் படத்தையும்விட என்னைக் கலங்கடித்தது. பிள்ளைகள் தாமே வரையும்போது அழகாக மட்டும் வரைவதில்லை என்பதை எந்த ஓவிய ஆசிரியரிடம் கேட்டாலும் சொல்வார்.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். புத்தகத்தைப் பரணில் போட வேண்டாம். ஒளித்துவைத்த பொருளுக்குப் பிள்ளையின் மனத்தில் வரும் பலம் பெரிது. ஆனால் இரவு கடைசியாகப் பார்க்கும் புத்தகமாகவும் அது இருக்க வேண்டாம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது, திண்ணையிலோ வாசற்படியிலோ, அவளை மடியில் உட்கார்த்தி வாசியுங்கள். இரவுக்கு வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை அவளே திருப்பட்டும். கண்ணைப் பொத்தினால் கையை விலக்கிவிடாதீர்கள், "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கவும் வேண்டாம். அதற்குப் பதிலாக, "இந்தப் பக்கத்தை வேகமாத் தாண்டவா, மெதுவாத் தாண்டவா?" என்று கேளுங்கள். பயமாக இருக்கிறதா என்று நீங்களாகக் கேட்டு அவளுக்குப் பயத்தைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம், "இங்க என்ன நடக்குது?" என்பது போதும். உங்கள் மாமியாரை எதிரே நிறுத்தாதீர்கள். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது, பிள்ளையின் முகத்தை உங்களைப் போலவே அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மீன் தலைச் சிறுமியின் கதையை ஒருநாள் அவரையே தம் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். ஆச்சி வாயிலிருந்து வரும்போது அந்தச் சிறுமிக்கு ஒரு பெயர் கிடைக்கும், அவள் தொலைத்த செருப்பு எந்தக் கடையில் வாங்கியது என்பதும் தெரியவரும். அதன்பின் அவள் அந்நியள் அல்லள்.

நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. அவளே வேண்டாம் என்றால் அன்றே நிறுத்துங்கள், ஏன் என்று துருவ வேண்டாம். முன்பு தனியாகப் போய்வந்த கொல்லைப்புறத்துக்கு இப்போது போக மறுக்கிறாள், இரவில் அலறி எழுகிறாள், படுக்கையை நனைக்கத் தொடங்கியிருக்கிறாள் என்றால், புத்தகத்தைச் சில வாரங்கள் கண்ணில் படாமல் வையுங்கள். அதன்பிறகும் தொடர்ந்தால் அது புத்தகத்தின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. வேறேதோ அவளை உறுத்துகிறது. அப்போது என்னைப் போன்றவனிடம் கேட்பதை விட்டுவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது, அங்கே போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதில் இந்த அறிகுறிகள் எதையும் நான் காணவில்லை.

ஒரு தகவல் மட்டும் எனக்கு வேண்டும். அவள் கண்ணைப் பொத்துவது எந்தப் பக்கங்களில் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை வாசிக்கும்போது கவனியுங்கள்: கதவு வாயாக இருக்கும் பக்கமா, அம்மாவின் முகம் தெரியாத பக்கமா? முதலாவது என்றால் நான் கவலைப்படவே மாட்டேன். இரண்டாவது என்றால், அந்தப் பக்கம் வரும்போது உங்கள் முகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். பிறகு ஒரு தாளும் கிரேயானும் கொடுத்து, அந்த அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். என்ன வரைந்தாள் என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.